நாற்பத்தொரு டீ

ஜூலை 3, புதன்

புது நோட்டு. பழையதில் இன்னும் நாலு பக்கம் மிச்சமிருந்தது. ஆனால் அத்தை அதில் காசி யாத்திரைக்கு எடுத்துப்போகும் சாமான்களின் பட்டியலை எழுதி வைத்துவிட்டார். யாத்திரை செப்டம்பரில். மாமியாருக்கு இருக்கும் திட்டமிடல் எனக்கு இருந்திருந்தால் இந்தப் பிஎச்.டி. எப்போதோ முடிந்திருக்கும்.

நாற்பத்துநாலு வயதில், மில்லில் நல்ல மேனேஜர் வேலையை விட்டுவிட்டு, கூட்டு வியாபாரம் ஏன் சிலது பிரிகிறது, சிலது நிலைக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் நாலே நாலு கம்பெனி. நிஜப் பெயரைப் போடக்கூடாது என்பதால் மரங்களின் பெயரை வைத்திருக்கிறேன். வேம்பும் புங்கையும் பிரிந்துபோனவை. இலுப்பையும் பூவரசும் இன்னும் ஒன்றாக இருப்பவை. முன்கூட்டியே ஒரு கொள்கையை வைத்துக்கொண்டு அதற்கு ஆள் தேடும் ஆராய்ச்சி அல்ல இது. போய் உட்கார்ந்து, பார்த்து, கேட்டு, நாலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கொள்கையை அதிலிருந்து முளைக்கவிட வேண்டும். சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 26 கடைசி நாள். அன்றைக்கு ஆய்வுக் குழு சுருக்கத்தை ஏற்கவில்லையென்றால் என் பதிவு காலாவதி. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது.

ஆனால் பூவரசு இருக்கும்வரை எனக்கு பயமில்லை. கிரைண்டர் செய்யும் கம்பெனி. சென்னியப்பனும் அவருடைய தங்கை வீட்டுக்காரர் குப்புராஜும் முப்பத்தொரு வருடமாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். தினமும் சரியாக நான்கு மணிக்கு, கல் கொத்தும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். கால் மணி நேரம். ஒரு நாள் தவறாது. பிப்ரவரியிலிருந்து இங்கே வருகிறேன்; ஏப்ரலிலிருந்து புதன், வெள்ளி இரண்டு நாளும் ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துக் குறித்துவருகிறேன். இன்று 27-ஆவது டீ.

பக்கத்தில் போக மாட்டேன். போனால் அவர்கள் இயல்பாகப் பேச மாட்டார்கள். அதெல்லாம் முறை தெரிந்த ஆளுக்குத்தான் புரியும்.

அத்தை வந்து சொன்னார், என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி போகிறாராம். போகட்டும்.

ஜூலை 5, வெள்ளி

டீ 28. உடன் போண்டா.

ஜூலை 17, புதன்

பூவரசுக்காரர்கள் மாதிரி ஒத்துழைப்பு தருகிறவர்களை நான் பார்த்ததில்லை. இலுப்பையில் என்னைப் பார்த்தாலே "மறுபடியுமா" என்பார்கள். இங்கே, "ஏனுங்கம்மிணி, திங்கக்கெழமையும் வரலாமில்லீங்க" என்கிறார் சென்னியப்பன்.

இருவரையும் தனித்தனியாகத்தான் பேட்டி எடுக்கிறேன். ஒருவர் சொல்வது மற்றவரைப் பாதிக்கக் கூடாது. இன்று குப்புராஜ் பாதிப் பேட்டியில் நிறுத்தி, "அம்மிணி, மூணு லிட்டர் மாடலுக்குப் பாடி ஸ்டீலா, பிளாஸ்டிக்கானு மச்சான்கிட்டயும் கேட்டுப்போடுங்க. ஒங்க ஆராய்ச்சிக்கு நெம்ப முக்கியமுங்க" என்றார்.

கேட்டேன். சென்னியப்பன் கண்ணை மூடி யோசித்து, "பிளாஸ்டிக்குனு சொல்லுங்க. ஸ்டீல்னா கனம் ஜாஸ்தி, பொம்பளைங்க தூக்கி எறக்கோணுமில்ல" என்றார். திரும்பப் போய் குப்புராஜிடம் சரிபார்த்தேன். "அதுஞ் சரிதான்" என்றார். ஒரே விஷயத்தை இரண்டு பக்கமிருந்தும் உறுதி செய்தாயிற்று. பாடப் புத்தகத்தில் போட வேண்டிய பேட்டி.

பங்கேற்பாளர்களே என் ஆராய்ச்சிக்குக் கேள்வி எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். பெருமையாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

ஜூலை 31, புதன்

ஆடிப் பதினெட்டு சனிக்கிழமை வருகிறது. ஒரு நாள் லீவா, வெள்ளியும் சேர்த்து இரண்டு நாளா என்பதில் மாப்பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொன்னார் சென்னியப்பன். "கம்பெனிக் கலாச்சாரம்னு எழுதறீங்கல்ல, அதுல வருமுங்க." கேட்டேன். இரண்டு நாள் என்றார். போய்ச் சொன்னேன். சாயங்காலமே போர்டில் எழுதிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தால் தோசைமாவு தீர்ந்திருக்கிறது. அத்தை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்று, "தனபாலு உப்புமா வேண்டாங்கறான், மேகலா" என்றார். "சேமியா இருக்குதுன்னு சொல்லுங்கத்தை" என்றேன். தனபாலு, அதாவது என் வீட்டுக்காரர், கூடத்தில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. ஆனாலும் அத்தைக்கு இது ஒரு உடற்பயிற்சி.

ஆகஸ்ட் 12, திங்கள்

பெனடிக்டா மேடத்தைப் பார்த்தேன். என் வழிகாட்டி. என்னைவிட மூன்று வயது சிறியவர், ஆனால் அந்தக் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினால் எனக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சை ஞாபகம் வரும்.

பலகையில் நாலு மரத்தையும் வரைந்து காட்டினேன். பிரிந்த இரண்டிலும் கூட்டாளிகள் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். நிலைத்த இரண்டிலும் தினமும் பேசிக்கொள்கிறார்கள். ஆகவே, தினமும் முகம் பார்த்துப் பேசும் கூட்டாளிகள் பிரிவதில்லை. பூவரசின் டீதான் உச்சகட்ட ஆதாரம்.

மேடம் ரொம்ப நேரம் பார்த்தார். "அழகா இருக்கு மேகலா. அதான் பயமா இருக்கு."

"எதுக்கு மேடம் பயம்?"

"நாலுமே சொன்ன பேச்சு கேக்குதே. எங்கயாவது ஒண்ணு முரண்டு பிடிக்கணுமே."

சிலருக்கு எதிலும் திருப்தி வராது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

டீ 41. இன்றோடு பூவரசில் பார்வையிடல் முடிந்தது. அறிக்கையை எழுதி, இருவரிடமும் படிக்கக் கொடுத்து, "எழுதியது சரி" என்று கையெழுத்து வாங்கினால் தீர்ந்தது.

மே மாதம் சொந்தக்காரர் கல்யாணத்தில் இவர் எல்லோர் முன்னாலும், "மேகலா படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்" என்றார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். முடிக்கிறேனா இல்லையா பார்க்கலாம். அதற்காக நான் இவரிடம் பேசாமல் ஒன்றும் இல்லை. பேச வேண்டியது எதுவும் வருவதில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் 4, புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் குப்புராஜ். அறிக்கையின் பன்னிரண்டு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தார். "கரெக்டா எழுதீருக்கீங்க" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு சென்னியப்பன். ஏழாம் பக்கத்தில் நின்றார். 'இருவரும் தினமும் நான்கு மணிக்கு நேரடியாகப் பேசி முடிவெடுக்கின்றனர்' என்ற வரி. அதையே திரும்பத் திரும்பப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அவரும் கையெழுத்துப் போட்டார்.

"நல்லா எழுதீருக்கீங்கம்மிணி. பொய்யா இருந்தாலும் படிக்கறதுக்கு நல்லாயிருக்குது."

"எதுங்க பொய்?"

"மாப்பிள்ளையும் நானும் பேசி ஒம்பது வருசமாச்சுங்களே. ஒங்களுக்குத் தெரியாதுங்களா?"

டீ குடிக்கும்போது? "அவரு பேப்பர் பாப்பாரு, நான் ரோட்டப் பாப்பேன்."

காரணம் கேட்டேன். பழைய லேத் மெஷினைத் தன்னைக் கேட்காமல் மாப்பிள்ளை விற்றுவிட்டாராம். குப்புராஜிடம் ஓடினேன். "வித்தது மச்சானுங்க!" என்றார். அந்த லேத்தை யார் விற்றார்கள் என்பதே இருவருக்கும் தெரியவில்லை.

அப்புறம் மெதுவாக, "அதைய வெளிய எழுதாதீங்க. நீங்க எழுதுனதே நல்லாயிருக்குது" என்றார் குப்புராஜ்.

நாற்பத்தொரு டீ. நாற்பத்தொன்றையும் கண்ணாடி வழியாக, முதுகுப் பக்கமிருந்து பார்த்த மகாராணி நான். இருவரையும் ஒரு தடவைகூடச் சேர்த்து உட்கார வைத்துப் பேசியதில்லை. முறை. நல்ல முறை!

செப்டம்பர் 5, வியாழன்

அவர்களின் பழைய கணக்காளர் ராஜாமணி அக்காவுக்கு போன் செய்தேன். இருபத்தேழு வருடம் வேலை பார்த்து, தையில் ஓய்வு பெற்று, ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார்.

"பேசிக்கிறாங்களா? அவுங்களா? எப்பயிருந்து கண்ணு?" என்று சிரித்தார். ஒன்பது வருடம் இவர்தான் இந்த மேசைக்கும் அந்த மேசைக்கும் சேதி சுமந்திருக்கிறார். வீட்டில் இருக்கும் தங்கையோ, கம்பெனி பேச்சு என் காதுக்கே வரக்கூடாது என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாளாம்.

"சும்மா கடத்த மாட்டேன் கண்ணு. பெரியவரு 'அந்த ஆளுக்கு அறிவிருக்கா'ம்பாரு. நான் போயி, 'பெரியவருக்கு ஒரு சந்தேகமுங்க'ம்பேன். நான் போன பொறவு என்ன பண்ணுவாங்களோனு கவலையா இருந்துச்சு. இப்ப நீங்கதான் அந்த வேலையப் பாக்கறீங்களாமே? சம்பளம் பேசிக்கிட்டீங்களா?"

போனை வைத்துவிட்டு ஜூலை மாதக் குறிப்புகளைப் படித்தேன். ஸ்டீலா, பிளாஸ்டிக்கா. ஒரு நாளா, இரண்டு நாளா. ஆராய்ச்சிக்கு நெம்ப முக்கியமுங்க! அவமானமாக இருந்தது. ஏழு மாதம் அந்தக் கம்பெனியை நான் பார்க்கவில்லை, நடத்தியிருக்கிறேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

இரண்டு கையெழுத்தும் என்னிடம் இருக்கின்றன. அறிக்கை சரி என்று கூட்டாளிகளே ஒப்புக்கொண்ட காகிதம். யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. இருபது நாளில் முடித்துவிடலாம். காலையில் காபி போடும்போது இதையெல்லாம் யோசித்தேன் என்பதை எழுதிவைக்கிறேன், யோசிக்காத மாதிரி நடிப்பானேன்.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. நீ போடுவியா?"

"மாட்டேன் மேடம்."

"அப்ப பூவரசைத் தூக்கி எறியாதே. முரண்டு பிடிக்குதுல்ல, அதுகிட்டயே போய் உட்காரு. பேசாமலே ஒம்பது வருஷம் நல்லா நடந்திருக்கு. எதனால?"

"இருபது நாள்தான் இருக்கு மேடம்."

"தெரியும். போ."

செப்டம்பர் 9, திங்கள்

அத்தையை ரயிலேற்றினோம். இருபது நாள் யாத்திரை. கூட வரும் பதினாறு பேரில் அத்தைதான் தலைவி போலத் தெரிகிறது. பட்டியலில் இருந்த எல்லாம் இருந்தது, விக்கல் மாத்திரை உட்பட. வண்டி நகரும்போது என்னைப் பார்த்து, அப்புறம் இவரைப் பார்த்து, ஏதோ சொல்ல வந்து, கையை மட்டும் ஆட்டினார்.

திரும்பி வரும்போது காரில் இவர் எஃப்.எம். போட்டிருந்தார். நல்ல பாட்டுகள்.

செப்டம்பர் 11, புதன்

நாலு கம்பெனியின் குறிப்புகளையும் தரையில் பரப்பி வைத்திருக்கிறேன். அறுநூற்றுச் சொச்சம் பக்கம். ஒன்றும் பிடிபடவில்லை. இருவருக்கும் தனித்தனியாக இரண்டு தடவை காபி போட்டதில் பால் தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 13, வெள்ளி

மதியம் அத்தை பிரயாகையிலிருந்து கூப்பிட்டார். பின்னால் ஒரே மணிச் சத்தம்.

"மேகலா, பீரோ சாவி எங்கீன்னு தனபாலு கேக்குறான்."

"எப்பங்கத்தை கேட்டாரு?"

"இப்பத்தான் போன் பண்ணுனான்."

எட்டிப் பார்த்தேன். இவர் கூடத்தில் பீரோ முன்னால் நின்றுகொண்டிருந்தார், கையில் போனோடு. எனக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி. சேதி இரண்டாயிரம் மைல் சுற்றி வந்திருக்கிறது. "அலமாரி மேல சாமி படத்துக்குப் பின்னாடின்னு சொல்லுங்க" என்றேன். அரை நிமிடத்தில் அவர் போன் அடித்தது. சாவியை எடுத்துக்கொண்டார்.

இதற்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாட்குறிப்பு என்பதால் எழுதுகிறேன்.

ஆனால் போனை வைத்த கையோடு தரையில் உட்கார்ந்து நீல வரிகளை மட்டும் படிக்க ஆரம்பித்தேன். கூட்டாளிகள் பேசியதை மஞ்சள் மார்க்கரில் போட்டிருக்கிறேன். மற்றவர்களைப் பற்றி வந்தது எல்லாம் நீலம். 'பின்னணித் தகவல்.' மூன்று வருடமாக ஒரு தடவைகூட அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 14, சனி

இருக்கிறது! நாலிலும் இருக்கிறது!

வேம்பு, நீலம், பக்கம் 88: மேற்பார்வையாளர் வேலையை விட்டுப் போகிறார். நாலாவது மாதம் கூட்டாளிகளுக்குள் கைகலப்பு. புங்கை, நீலம், பக்கம் 31: அண்ணன் தம்பியின் அம்மா இறந்துபோகிறார். மூன்றாவது மாதம் பாகப்பிரிவினை. இலுப்பை, நீலம், பக்கம் 140: ஒருவரின் மனைவி சொல்கிறார், 'கோவம் வந்தா ரெண்டு பேரும் தனித்தனியா எங்கிட்டதான் வந்து கொட்டுவாங்க. நான் பாதியத்தான் அங்க சொல்லுவேன்.' பாதியைத்தான் சொல்லுவேன்! இதையும் நான் நீலத்தில் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

பேசிக்கொள்கிறார்களா இல்லையா என்பது அல்ல விஷயம். நடுவில் ஒருவர் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நம்புகிற ஒருவர். கேட்டதை அப்படியே கடத்தாமல், கொஞ்சம் வடிகட்டிக் கொடுக்கிறவர். அவர் இருக்கும்வரை கம்பெனி நிற்கிறது. அவர் போய், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லையென்றால் உடைகிறது. பூவரசில் ராஜாமணி அக்கா போனார். அந்த இடத்துக்கு ஒரு கூறுகெட்டவள் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். என்னையும் ஆதாரத்தில் சேர்த்தாக வேண்டும்.

மேடத்துக்கு போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். "நாலு கம்பெனியில வந்திருக்கு, இன்னும் ஊகம்தான். ஆனா இந்த ஊகத்துக்கு நானும் கையெழுத்துப் போடுவேன். எழுது" என்றார்.

சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் யாரும் இல்லை, இவரைத் தவிர.

செப்டம்பர் 18, புதன்

இன்று நான் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவில்லை. நான்கு மணிக்கு நேராகப் போய்ப் பெஞ்சுக்கு எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். புது அறிக்கையை இருவரிடமும் ஒரே நேரத்தில் கொடுத்தேன்.

சென்னியப்பன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இப்புடி எழுதுனா எங்களுக்கு மானம் போகாதுங்களா?"

"பூவரசுன்னுதானுங்க பேர் போட்டிருக்கேன்."

"அப்ப அந்தப் பூவரசுக்குத்தான மானம் போகோணும். போச்சாது, உடுங்க." கையெழுத்துப் போட்டார். மச்சான் போட்டதைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையும் போட்டார்.

இன்றோடு நான் சேதி கொண்டுபோவதை நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டேன். நான் பார்க்க வந்தவள், நடுவில் இருக்கக் கூடாது. குப்புராஜுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப தீவாளிக்குப் புது மாடல் எறக்கறதா வேண்டாமானு ஆரு கேக்கறதுங்க?"

"அவரு ரெண்டடி தள்ளித்தானுங்க உட்கார்ந்திருக்காரு."

பிறகு சென்னியப்பன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, இரண்டு டம்ளருக்கும் நடுவில் பெஞ்சின் மேல் வைத்தார்.

"ராசாமணி, தீவாளிக்கு எறக்கோணுமான்னு கேக்கறாங்க. மூணு மாசம் மின்னாடியே கேட்டிருக்கோணும், இப்ப வந்து கேட்டா எப்புடின்னு சொல்லு."

"சின்னவரே," என்றது ஓசூர், "பெரியவருக்கு இன்னுங் கொஞ்சம் நாள் வேணுமாட்ட இருக்குதுங்க."

"பொங்கலுக்குன்னாலும் செரிதான்னு சொல்லு ராசாமணி," என்று குப்புராஜ் போனைப் பார்த்துக் குனிந்து சொன்னார்.

"பெரியவரே, பொங்கலுக்குங்களாம்."

"ம்," என்றார் பெரியவர்.

சிரிப்பை அடக்க நான் டீயைக் குடித்தேன், நாக்கு சுட்டுவிட்டது. ராஜாமணி அக்கா தினமும் நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். போன் பேசிக்கொண்டிருக்கும்போதே குப்புராஜ், ஆடை படியத் தொடங்கிய மச்சானின் டம்ளரை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார். இதை எந்த நிறத்தில் போடுவது என்று தெரியவில்லை. டீ 42, காதால் கேட்ட முதல் டீ.

செப்டம்பர் 22, ஞாயிறு

எழுதுகிறேன். காலையில் மேசையில் இட்லி இருந்தது, மூடி போட்டு. கடையில் வாங்கியது. நான் வாங்கவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

குழுவில் நாலு பேர். வெளியூரிலிருந்து வந்த பெரியவர், "இதெல்லாம் நாலு கம்பெனிக்குத்தானே பொருந்தும்?" என்றார். "ஆமாங்க சார். அடுத்து வர்றவங்க அஞ்சாவதைப் பார்க்கட்டும்," என்றேன். அவர் சிரித்துவிட்டார். முதலில் ஒரு தவறான கொள்கை வைத்திருந்தேன், அது எப்படி உடைந்தது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேனே, அதைத்தான் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானே சேதி சுமந்த கதைக்கு மேடம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு கூப்பிட்டு, ஏற்றுக்கொள்கிறோம் என்றார்கள்.

வாசலுக்கு வந்து போனை எடுத்தேன். விரல் தன்னால் அத்தையின் பெயருக்குப் போயிற்று. எப்போதும் அப்படித்தான், அத்தையிடம் சொன்னால் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு இவர் எண்ணைத் தேடினேன். கடைசியாக நான் கூப்பிட்டது மே மாதம் என்று காட்டியது.

ஒரே மணியில் எடுத்துவிட்டார்.

"நாந்தான்."

"தெரியுது. என்னாச்சு?"

"ஏத்துக்கிட்டாங்க."

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்குது மேகலா. அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலேஜ் வாசலில், பட்டுப் புடவையோடு, வாட்ச்மேன் பார்க்கப் பார்க்க. "வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க, பஸ்ஸுல வர முடியாது," என்றேன். யாரிடம் சொல்லச் சொன்னேன் என்று தெரியவில்லை. பழக்கதோஷம். அவர் சிரித்தார். இருபது நிமிடத்தில் வந்தார்.

சாயங்காலம் இருவரும் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்தோம். ஒரே தடவையாகப் போட்டது. அப்போது அத்தை கூப்பிட்டார். ரயிலேறிவிட்டாராம், சனிக்கிழமை வந்துவிடுவார், கங்கைச் சொம்பு பத்திரமாக இருக்கிறது.

"அப்புறம் மேகலா, இன்னிக்கு உனக்கு என்னமோ மீட்டிங்குன்னியே, என்னாச்சு? தனபாலுகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

இவர் என்னைப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாங்கத்தை," என்றேன். "நானே சொல்லிட்டேன்."